புது சாஃப்ட்வேருக்கு மாறப் போறீங்களா? முதல்ல பழைய கணக்கைச் சுத்தம் பண்ணுங்க

கடை, ஆலை, ஏஜென்சி, சின்ன கம்பெனி என்று எதை நடத்தினாலும், பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரே கம்ப்யூட்டரில் ஓடிய பில்லிங் சாஃப்ட்வேரை மாற்றும் நேரம் ஒரு நாள் வந்தே தீரும். பழைய சாஃப்ட்வேரைப் பழுது பார்க்க ஆள் கிடைக்காமல் போயிருக்கும். இல்லையென்றால், கைபேசியிலேயே பில் போட்டு, இருப்பும் பார்க்கலாமே என்று வீட்டுப் பிள்ளைகள் நச்சரித்திருப்பார்கள். புது சாஃப்ட்வேர் விற்பவர் வருவார். "எக்ஸெல் மட்டும் கொடுங்க சார், ரெண்டு மணி நேரத்துல ஏத்திடுறோம்" என்பார்.

அவர் சொல்வது பொய் இல்லை. ஏற்றுவது ரெண்டு மணி நேர வேலைதான். ஏற்றுவதற்குத் தகுந்த மாதிரி தரவைத் தயார் செய்வதுதான் ரெண்டு மாத வேலை. அதை அவர் செய்ய மாட்டார்; செய்யவும் முடியாது. உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்று 'முருகன்' மூன்று ஆட்களா, அல்லது ஒரே ஆள் மூன்று தடவை பதிவாகியிருக்கிறாரா என்பது உங்களுக்கும் உங்கள் கடையில் பில் போடும் தம்பிக்கும் மட்டும்தானே தெரியும்?

இந்தப் பாடத்துக்குக் காரைக்கால் கோவில்பத்தை எடுத்துக்கொள்வோம். காரணம் இருக்கிறது. மற்ற ஊரில் வாடிக்கையாளர் முகவரி தப்பானால் தபால் திரும்பி வரும், அவ்வளவுதான். இங்கே முகவரி தப்பானால் வரியே மாறிப்போகும்.

'மாநிலம்' என்ற அந்த ஒரு கட்டம்

கோவில்பத்தில் சிமென்ட், கம்பி, பிவிசி பைப், பெயின்ட் விற்கும் ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். காலையில் திருநள்ளாறில் இருந்து ஒரு கான்ட்ராக்டர் ஆர்டர் கொடுக்கிறார். மத்தியானம் நாகூரில் இருந்து ஒருவர். சாயங்காலம் தரங்கம்பாடியில் இருந்து இன்னொருவர். மூன்று இடத்துக்கும் ஒரே வேன்தான் போகிறது, ஒரே டிரைவர்தான். ஆனால் ஜிஎஸ்டி கணக்குப்படி திருநள்ளாறு உள்ளூர். நாகூரும் தரங்கம்பாடியும் வேறு மாநிலம். காரைக்கால் மாவட்டம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் சேர்ந்தது. கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33.

34-க்குள் விற்றால் மத்திய ஜிஎஸ்டி பாதி, மாநில ஜிஎஸ்டி பாதி. (புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருப்பதால் இங்கே வசூலிப்பது மாநில ஜிஎஸ்டிதான், சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கான வரி அல்ல.) 34-இல் இருந்து 33-க்குப் போனால் முழுக்க ஐஜிஎஸ்டி. இதில் வேடிக்கை என்னவென்றால், அரை மணி நேரத்தில் போய்ச் சேரும் நாகூர் வெளி மாநிலம். சுமார் 130 கிலோமீட்டர் தமிழ்நாட்டுக்குள்ளேயே பயணம் செய்து சேர வேண்டிய புதுச்சேரி நகரம் உள் மாநிலம். கேரளக் கரையில் இருக்கும் மாஹேயும், ஆந்திரத்துக்கு நடுவில் இருக்கும் ஏனாமும்கூட 34-தான்.

பழைய சாஃப்ட்வேரில் இது ஒரு பிரச்சினையாகவே தெரிந்திருக்காது. ஏன்? பில் போடும் தம்பிக்கு ஆளைத் தெரியும். "நாகூர் பாயா? அப்ப ஐஜிஎஸ்டி" என்று கையாலேயே வரியைத் தேர்ந்தெடுத்துவிடுவார். வாடிக்கையாளர் பதிவில் மாநிலம் என்ற கட்டம் காலியாகவே கிடந்திருக்கும். யாருக்கும் அது தேவைப்படவில்லை. புது சாஃப்ட்வேர் அப்படி அல்ல. அது மாநிலக் கட்டத்தைப் பார்த்துத் தானே வரியைப் போடும். கட்டம் காலியாக இருந்தால், பெரும்பாலும் கடை இருக்கும் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளும். பத்து வருஷமாகத் தம்பியின் தலைக்குள் இருந்த கணக்கு புது சாஃப்ட்வேருக்குத் தெரியாது. அதை எழுத்தில் இறக்கிக் கட்டத்தில் நிரப்புவதுதான் தரவுத் தயாரிப்பு என்று நாம் சொல்லும் வேலையில் முக்கால்வாசி.

தப்பு நடந்தால் உடனே தெரியுமா? தெரியாது. அதுதான் ஆபத்து. 35,000 ரூபாய் சிமென்ட்டுக்கு 18 சதவீதம் 6,300 ரூபாய். அதை 3,150 மத்திய வரி, 3,150 மாநில வரி என்று பிரித்துப் போட்டாலும், 6,300 ஐஜிஎஸ்டி என்று மொத்தமாகப் போட்டாலும் பில்லின் கடைசி வரித் தொகை ஒன்றுதான். வாடிக்கையாளர் கேட்க மாட்டார், கல்லாவும் குறையாது. தரங்கம்பாடிக் கான்ட்ராக்டர் உள்ளீட்டு வரியை எடுக்கப் பார்க்கும்போதுதான் விஷயம் வெடிக்கும். வேறு மாநிலத்தின் வரியை அவர் கணக்கில் எடுக்க முடியாது என்று அவருடைய மாதாந்தர அறிக்கையிலேயே தள்ளுபடி ஆகியிருக்கும். அவர் உங்களைக் கேட்பார். நீங்கள் சரியான தலைப்பில் வரியை மறுபடி கட்டிவிட்டு, தப்பான தலைப்பில் கட்டியதைத் திருப்பிக் கேட்க வேண்டும். மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 77-ஆம் பிரிவும் ஐஜிஎஸ்டி சட்டத்தின் 19-ஆம் பிரிவும் இதற்கு வழி வைத்திருக்கின்றன. மறுபடி கட்டும் வரிக்கு வட்டி இல்லை, சரியான வரியைக் கட்டிய நாளில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வட்டி இல்லைதான். ஆனால் திரும்பி வரும் வரைக்கும் அந்தப் பணம் உங்கள் கையில் இல்லை. ஒரு வாடிக்கையாளர் என்றால் சமாளிக்கலாம். மாநிலக் கட்டம் காலியாக ஏறிய நாற்பது பேர் என்றால்?

ஜிஎஸ்டி எண் இல்லாத வீட்டுக்காரர்களுக்கு விற்கும்போது இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. 2023 அக்டோபர் 1 முதல், பதிவில்லாத வாடிக்கையாளருக்கு விற்கும் சரக்கில், பில்லில் எழுதிய முகவரி எந்த மாநிலமோ அதுவே விற்பனை நடந்த மாநிலம். பில்லில் முகவரி இல்லாவிட்டால் கடை இருக்கும் மாநிலம். மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலே முகவரி எழுதியதாகத்தான் அர்த்தம். ஆக, நாகூரில் இருந்து வந்து ரெண்டு டப்பா பெயின்ட் வாங்கிப் போனவரின் முகவரியைப் 'பின்னாடி உதவுமே' என்று பில்லில் ஏற்றினால், அங்கே வரி மாறுகிறது. புது சாஃப்ட்வேரில் கைபேசி எண்ணைத் தட்டியதும் முகவரி தானாக வந்து பில்லில் உட்கார்ந்துகொள்ளும் என்பதால், பழைய முகவரிகளை ஏற்றுவதற்கு முன் இதை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை பேசிவிடுங்கள்.

சரி, மாநிலத்தை எப்படி நிரப்புவது? "பின்கோடைப் பார்த்து ஃபார்முலா போட்டுடலாம்" என்று யாராவது கெட்டிக்காரத்தனமாகச் சொல்வார்கள். வேண்டாம். காரைக்கால் தலைமை அஞ்சலகம் 609602, மயிலாடுதுறை 609001, சீர்காழி 609110. முதல் மூன்று இலக்கம் மாநில எல்லையை மதிக்கவில்லை. புதுச்சேரியும் விழுப்புரமும் 605-ஐப் பங்கிட்டுக்கொள்கின்றன, மாஹேயும் கோழிக்கோடும் 673-ஐ. ஜிஎஸ்டி எண் இருப்பவர்களுக்கு முதல் இரண்டு இலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது திடமானது. இல்லாதவர்களுக்குப் பின்கோடின் ஆறு இலக்கத்தையும் பார்த்து, ஊர்ப் பெயரோடு ஒப்பிட்டு, கையால்தான் நிரப்ப வேண்டும். லேண்ட்லைன் எண் இருந்தால் அதுவும் துப்பு கொடுக்கும்: காரைக்கால் 04368, நாகப்பட்டினம் 04365, மயிலாடுதுறை 04364. பின்கோடை அலட்சியமாக விடவும் கூடாது. வெளி மாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும். தூரத்தைப் பின்கோடை வைத்துத்தான் அந்த இணையதளம் கணக்கிடுகிறது.

மாநிலத்தின் பெயரையும் ஒரே மாதிரி எழுதுங்கள். பாண்டிச்சேரி என்ற பெயர் 2006 அக்டோபர் 1 முதல் புதுச்சேரி ஆனது. ஆனால் உங்கள் பட்டியலில் பாண்டிச்சேரி, பாண்டி, பி.ஒய்., புதுவை எல்லாமே இருக்கும். நமக்கு அவை ஒன்றுதான். சாஃப்ட்வேருக்கு நாலு மாநிலம். மாவட்டமும் அப்படித்தான். 2020-இல் மயிலாடுதுறை தனி மாவட்டம் ஆன பிறகும் தரங்கம்பாடிக்காரர்கள் பலர் உங்கள் கணக்கில் இன்னும் நாகை மாவட்டத்திலேயே குடியிருப்பார்கள்.

ஒரே ஊர், ஒரே ஆள், நாலு பெயர்

கோவில்பத்தில் இருக்கும் பார்வதீஸ்வரர் கோயிலின் பழைய பெயர் திருத்தெளிச்சேரி. தேவாரப் பாடல் பெற்ற தலம். ஈசன் உழவராக வந்து விதை தெளித்த இடம் என்பது தல வரலாறு. ஊருக்கே இப்படி ரெண்டு பெயர். அதையும் கோவில்பத்து என்பார்கள், கோயில்பத்து என்பார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போது இன்னும் ரெண்டு மூன்று விதம் சேரும். போதாக்குறைக்கு நாகை மாவட்டத்திலும் கோவில்பத்து என்று ஓர் ஊர் உண்டு. அதனால் ஊர்ப் பெயரை மட்டும் நம்பிக் காரைக்கால் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

ஆட்கள் விஷயம் இதைவிடச் சிக்கல். முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள்; காரைக்கால் கடைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால். 'மேஸ்திரி', 'கொத்தனார்', 'பச்சை வீடு' என்று அடையாளத்துக்காகச் சேர்த்தது வேறு. இப்படி ஒரே ஆள் மூன்று பதிவாக ஏறினால் என்ன ஆகும்? முதல் பதிவில் 18,000 ரூபாய் பாக்கி, இரண்டாவதில் அவர் கொடுத்த 10,000 ரூபாய் முன்பணமாக நிற்கும். பாக்கி கேட்டு அவருக்குக் குறுஞ்செய்தி போகும், 18,000 என்று. அவர் கடைக்கு வந்து போடும் சத்தத்துக்குப் பதில் சொல்ல உங்களிடம் வார்த்தை இருக்காது.

பெயரை வைத்து மட்டும் சேர்க்காதீர்கள். ஜிஎஸ்டி எண் ஒன்றாக இருந்தால் ஒரே ஆள்தான், சேர்க்கலாம். கைபேசி எண் ஒன்றாக இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் விசாரித்துவிட்டுச் சேருங்கள். அப்பா, மகன் ரெண்டு பேரும் ஒரே எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பெயர் மட்டும் ஒன்றாக இருந்தால் கை வைக்காதீர்கள். தப்பாகச் சேர்த்துவிட்ட ரெண்டு பேரைப் பிற்பாடு பிரிப்பது, சேர்க்காமல் விட்டதைவிடப் பத்து மடங்கு வேலை.

ஜிஎஸ்டி எண்களைக் கைபேசியிலேயே சரிபார்க்கலாம். ஜிஎஸ்டி இணையதளத்தில் 'சர்ச் டாக்ஸ்பேயர்' என்ற பகுதிக்கு லாகின் தேவையில்லை, கட்டணமும் இல்லை. எண்ணை இட்டால் சட்டப்பூர்வப் பெயர், வணிகப் பெயர், பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா எல்லாம் வரும். அங்கே இருக்கும் பெயரையே புது சாஃப்ட்வேரில் போடுங்கள். எண்ணிலேயே ஒரு குறிப்பும் இருக்கிறது: 15 எழுத்தில் மாநிலக் குறியீடு போக அடுத்த பத்தும் பான் எண். பானின் நாலாவது எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. உங்கள் பட்டியலில் 'பிரைவேட் லிமிடெட்' என்று எழுதியிருந்து பானில் 'பி' இருந்தால் எங்கேயோ கோளாறு.

புதுச்சேரி வணிகர்களுக்கு இது புது அனுபவமும் அல்ல. வாட் காலத்துப் பதிவுகளை ஜிஎஸ்டிக்கு மாற்றும் வேலை நாட்டிலேயே முதலில் தொடங்கியது புதுச்சேரியிலும் சிக்கிமிலும்தான், 2016 நவம்பர் 8 அன்று. (அன்று ராத்திரிதான் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பும் வந்தது. அந்த வாரத்தை எந்தக் கடைக்காரர் மறப்பார்!) அப்போது பானில் உள்ள சட்டப்பூர்வப் பெயர் படிவத்தில் தானாகவே நிரம்பி வந்தது, மாற்ற முடியாது. போர்டில் ஒரு பெயர், வாட் பதிவில் ஒரு பெயர், பானில் ஒரு பெயர் என்று வைத்திருந்தவர்கள் அன்று விழித்தார்கள். பெயர்களை முன்பே ஒன்றாக்கி வைத்திருந்தவர்களுக்கு உட்கார்ந்த இடத்தில் முடிந்தது.

கம்பி கிலோவா, நம்பரா?

சரக்குப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டியது அளவு. கம்பியை டன்னில் வாங்குகிறோம், கிலோவில் எடை போடுகிறோம், வாடிக்கையாளர் "பன்னெண்டு எம்எம் இருபது நம்பர் கொடுங்க" என்கிறார். 12 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்குச் சுமார் 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று ஏறக்குறைய 10.7 கிலோ. இந்த மாற்றுக் கணக்கைப் புது சாஃப்ட்வேரில் சரக்கோடு சேர்த்துப் பதிய வேண்டும். பழையதில் பாதி பில் கிலோவிலும் பாதி நம்பரிலும் போட்டு இருப்பு மைனஸில் நிற்கும் கடைகள் நிறைய. அந்த மைனஸ் இருப்பை அப்படியே ஏற்றினால் புது சாஃப்ட்வேர் முதல் நாளே லாபத்தைத் தப்பாகக் காட்டும். அரிசிக் கடை என்றால் சிப்பமா, மூட்டையா, கிலோவா என்ற இதே கேள்வி.

அடுத்து எச்எஸ்என் குறியீடு. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி வரை உள்ளவர்கள் பதிவுபெற்ற வணிகருக்கான பில்லில் 4 இலக்கம், அதற்கு மேல் 6 இலக்கம் போட வேண்டும் என்பது 2021 ஏப்ரலில் இருந்து இருக்கும் விதி. சிமென்ட் 2523, பிவிசி பைப் 3917. 2025 மே மாதக் கணக்கில் இருந்து ரிட்டர்னில் இந்தக் குறியீட்டைக் கையால் தட்ட முடியாது, பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கத்தான் முடியும். பட்டியலில் இல்லாத குறியீடு உங்கள் சரக்கில் இருந்தால் ரிட்டர்ன் அன்று ராத்திரி உட்கார்ந்து திருத்த வேண்டியதுதான்.

வரி விகிதத்தில் 2025 செப்டம்பர் 22-ஐக் கவனியுங்கள். அன்றோடு சிமென்ட் 28-இல் இருந்து 18 சதவீதம் ஆனது. பழைய 28-ஐ அழித்துவிட்டு 18-ஐ எழுதுவது சரியல்ல. அந்தத் தேதிக்கு முன் விற்ற சிமென்ட் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் பழைய விகிதத்தில்தான் போக வேண்டும். நல்ல சாஃப்ட்வேரில் 'எந்தத் தேதியில் இருந்து' என்ற கட்டம் இருக்கும். அதில் தேதியோடு நிரப்புங்கள்.

இன்னொரு வேலை இன்பமானது: அழிப்பது. மூன்று வருஷமாக வாங்கவும் விற்கவும் செய்யாத சரக்கு, கம்பெனியே நிறுத்திவிட்ட பெயின்ட் நிறம், சோதனைக்காகப் போட்ட 'அஅஅ' எல்லாவற்றையும் பழைய இடத்திலேயே விட்டுவிடுங்கள். வீடு மாறும்போது பரணில் இருப்பதை எல்லாம் வண்டியில் ஏற்றுகிறோமா என்ன?

எக்ஸெல் செய்யும் குறும்பு

பழைய சாஃப்ட்வேரில் இருந்து எக்ஸெல்லுக்கு எடுத்துத் திருத்தும்போது புதுத் தப்புகள் நுழையும். எக்ஸெல் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு சில காரியம் செய்யும். எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடும். 04368 என்பது 4368 ஆகும். 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணில் மிச்சத்தைப் பூஜ்யமாக்கிவிடும். பஞ்சாப் நேஷனல் வங்கியின் கணக்கு எண் 16 இலக்கம். கடைசி இலக்கம் சத்தமில்லாமல் பூஜ்யமாகி, சப்ளையருக்கு அனுப்பும் பணம் திரும்பி வரும், இல்லாவிட்டால் வேறு ஒருவருக்குப் போகும். 04/05/2024 என்பதை மே 4 என்று நாம் படிப்போம். கம்ப்யூட்டரின் அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் அது ஏப்ரல் 5. மரபணுக்களின் பெயர்களை எக்ஸெல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020-இல் விஞ்ஞானிகள் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

தீர்வு எளிது. தரவை ஒட்டும் முன்பே கைபேசி எண், கணக்கு எண், பின்கோடு, பில் எண் உள்ள நெடுவரிசைகளை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். கைபேசியில் கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்கள் 'பிளெயின் டெக்ஸ்ட்' என்று தேர்ந்தெடுக்க வேண்டும். ஒட்டிய பிறகு மாற்றிப் பயனில்லை, போன இலக்கம் போனதுதான்.

வரிகளின் எண்ணிக்கையையும் ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணுங்கள். 2020-இல் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு பழைய வகை எக்ஸெல் கோப்பைப் பயன்படுத்தியது. அதில் 65,536 வரிதான் கொள்ளும். மேற்கொண்டு வந்த வரிகள் உதிர்ந்துபோய், 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் கணக்கில் ஏறாமலே போனது. பெரிய அமைப்புக்கே இந்த நிலை. பழையதில் 1,412 வாடிக்கையாளர் இருந்தால் எக்ஸெல்லிலும் 1,412 இருக்க வேண்டும். சேர்த்ததும் அழித்ததும் எத்தனை என்று தனியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தால் புதியதில் எத்தனை வர வேண்டும் என்பது துல்லியமாகத் தெரியும்.

தமிழில் பெயர் தட்டியவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது புது சாஃப்ட்வேரில் தமிழாகத் தெரியாது. ஆங்கில எழுத்தும் புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். எழுத்து கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு உள்ள பெயர்களை மட்டும் ஒரு ஓட்டம் பாருங்கள், அங்கேதான் அதிகம் சறுக்கும்.

வங்கி விவரத்தில் ஐஎஃப்எஸ்சி குறியீடு 11 எழுத்து. ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், 'ஓ' அல்ல. 2020 ஏப்ரலில் சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், ஆந்திரா, கார்ப்பரேஷன் வங்கிகள் யூனியன் வங்கியோடும் சேர்ந்தன. அதே ஆண்டு நவம்பரில் லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது. அந்தப் பழைய குறியீடுகள் இப்போது செல்லாது. சப்ளையரிடம் புதிய காசோலை ஒன்றின் படத்தை வாங்கிப் பாருங்கள். ஆனால் "எங்க அக்கவுன்ட் மாறிடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் மட்டும் செய்தி வந்தால், நேரில் பேசாமல் மாற்றவே மாற்றாதீர்கள். மோசடி அப்படித்தான் வருகிறது. பணம் போய்விட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

கூடவே ஒன்று. ஊழியர், வாடிக்கையாளர் ஆதார் நகல்களை ஸ்கேன் செய்து பழைய கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருப்பீர்கள். அவற்றைப் புது சாஃப்ட்வேருக்குக் கொண்டுபோகாதீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்துவிட்டது. எதற்கு வாங்கினோமோ அந்தத் தேவை முடிந்த பிறகும் வைத்திருப்பது வீண் வம்பு. பட்டியலை விற்பனையாளருக்கு அனுப்பும்போதும் வாட்ஸ்அப் குழுவில் போடாமல், கடவுச்சொல் வைத்து அனுப்புங்கள். ஜிஎஸ்டி லாகின் விவரத்தை அவரிடம் கொடுக்க நேர்ந்திருந்தால் வேலை முடிந்த அன்றே மாற்றிவிடுங்கள். ஓடிபியைச் சொல்லவே கூடாது.

மாறும் நாள்

ஏப்ரல் 1 நல்ல நாள். முடியாவிட்டால் ஏதாவது ஒரு மாதத்தின் முதல் தேதி. மாதத்தின் நடுவில் மாறினால் ஒரே மாத ரிட்டர்னுக்கு ரெண்டு சாஃப்ட்வேரில் கணக்கு எடுக்க வேண்டிவரும். அஞ்சல் துறை 2025-இல் புதிய மென்பொருளுக்கு மாறியபோது அந்தந்தப் பகுதியில் ஒரு நாள் பரிவர்த்தனை இல்லை என்று முன்கூட்டியே அறிவித்தது நினைவிருக்கும். நீங்களும் ஒரு நாள் கடைக்கு லீவு விட்டு இருப்பை எண்ணுங்கள். திருநள்ளாறு சனிப்பெயர்ச்சி சமயத்தில் மாற்றும் யோசனை மட்டும் வேண்டாம். ஊரே நிறைந்திருக்கும், எண்ண நேரம் இருக்காது.

பழைய பில்கள் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டியதில்லை. வாடிக்கையாளர், சப்ளையர், சரக்குப் பட்டியல், அந்த நாளின் இருப்பு, பேங்க் இருப்பு, இன்னும் தீராத பில்கள் ஆகியவை போதும். தீராத பாக்கியை 18,000 என்று ஒரே தொகையாக ஏற்றாமல் எந்தெந்த பில்லுக்கு எவ்வளவு என்று பிரித்து ஏற்றுங்கள். மொத்தமாக ஏற்றினால் எது ஆறு மாதப் பாக்கி, எது போன வாரப் பாக்கி என்று சாஃப்ட்வேரால் சொல்ல முடியாது. நிதியாண்டின் நடுவில் மாறினால் பில் எண்ணுக்குப் புது வரிசை வையுங்கள். ஒரே ஆண்டில் ஒரே எண் ரெண்டு தடவை வரக் கூடாது, எண்ணின் நீளமும் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது.

உண்மையான நாளுக்கு முன் ஒரு தடவையாவது ஒத்திகை பாருங்கள். 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. தரவு சரியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அமைப்பைப் போதுமான அளவு சோதித்துப் பார்க்காததால் சுமார் 19 லட்சம் பேரால் தங்கள் கணக்கையே திறக்க முடியவில்லை. 2022-இல் அந்த வங்கிக்கு விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டுக்கு மேல். கடை ஒத்திகைக்கு அவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. நேற்றைய இருபது பில்லைப் புதியதில் மறுபடி போட்டுப் பாருங்கள். அதில் திருநள்ளாறு ஒன்று, நாகூர் ஒன்று, தரங்கம்பாடி ஒன்று, புதுச்சேரி நகரம் ஒன்று, முகவரி இல்லாத ரொக்க பில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். வரி சரியாக விழுகிறதா என்று பில் போடும் தம்பியையே பார்க்கச் சொல்லுங்கள். கண் அவருக்குத்தான் கூர்மை. பிறகு பழைய, புதிய இரண்டின் இருப்புநிலை அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது, இருப்பு மதிப்பு, பேங்க் ஆகிய நாலும் பைசா வரை ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். "சின்ன வித்தியாசம்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விற்பனையாளர் சொன்னால் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள். 200 ரூபாய் வித்தியாசம் என்பது ஒரு பக்கம் 50,000 கூடுதலாகவும் மறுபக்கம் 49,800 குறைவாகவும் இருந்து வந்ததாக இருக்கலாம்.

மாறிய பிறகு பழைய கம்ப்யூட்டரை என்ன செய்வது? ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியில் இருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடோ வழக்கோ இருந்தால் அது முடிந்து ஓர் ஆண்டு வரைக்கும், இரண்டில் எது பிந்தியதோ அது. கம்பெனிச் சட்டத்தில் பதிவான நிறுவனங்களுக்கு 8 நிதியாண்டு. பழைய சாஃப்ட்வேர் நாளைக்குத் திறக்காமலும் போகலாம் என்பதால், லெட்ஜர், பில், இருப்பு அறிக்கை எல்லாவற்றையும் ஆண்டு வாரியாகப் பிடிஎஃப் எடுத்து, ரெண்டு பென் டிரைவில் போட்டு ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். 2023-24 கணக்குக்கான ஆண்டு ரிட்டர்னின் கடைசி நாள் 2024 டிசம்பர் 31. அதில் இருந்து 72 மாதம் எண்ணினால் 2030 டிசம்பர் 31 வருகிறது. அதுவரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.